என்னை அடித்த பாடகி

வளர்ந்து, மீசை முளைத்து, கல்யாணமும் ஆன பிறகு என்னை அடித்தது ஒரே ஒரு பெண்தான். ஸ்வீடன் தேசத்துக்காரர். இரண்டு முறை அடித்தார். முதல் முறை பின்மண்டையில், கையால். இரண்டாவது முறை வலது மணிக்கட்டில், வீல் ஸ்பேனரால். அந்தக் கையில் இரண்டு விரல்கள் இன்றைக்கும் முழுசாக மடங்குவதில்லை. ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போதெல்லாம் அவர் நினைவு வருகிறது. கோபத்தோடு வருகிறதா வேறு எதோடாவது வருகிறதா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

நான் வரதய்யபாளையத்தில் வாடகைக் கார் ஓட்டுகிறவன். அவரை மேடம் என்றே கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

அவர் எங்கள் பக்கம் வந்ததே கோபத்தை விடுவதற்காக. திருப்பதிக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில், பத்து நாள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் தியான முகாம் ஒன்றில் சேர்ந்திருந்தார். நாலாம் நாள் காலை முகாமிலிருந்து எனக்கு போன் வந்தது. ஒரு வெளிநாட்டு அம்மாவை உடனே வந்து கூட்டிப் போக வேண்டும் என்றார்கள். போய்ப் பார்த்தால் கேட்டுக்கு வெளியே, வெயிலில், பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். ஆறடி உயரம், மூட்டை தூக்குகிறவர்களுக்கு இருப்பது போன்ற தோள், ஒட்ட வெட்டிய வெள்ளி முடி. மே மாத அனலில் கழுத்தைச் சுற்றி ஒரு பட்டுத்துணி. சாப்பாட்டுக் கூடத்தில் ஒருவன் தன் மனைவியின் கையை மேஜைக்கடியில் முறுக்கியிருக்கிறான். மேடம் தண்ணீர்ச் சொம்பை எடுத்து அவன் நெற்றியில் வீசிவிட்டார். அவனுக்கு மூன்று தையல்.

காரில் ஏறியதும் அவர் ஆங்கிலத்தில் சொன்ன முதல் வார்த்தை இது: "மூன்று நாள் முழுசாகச் சும்மா இருந்தேன். என் வாழ்க்கையில் இதுதான் அதிகம்."

நான் டிப்ளமோ படித்தவன், கொஞ்ச காலம் கம்பெனியில் வேலை செய்தவன். அவர் பேசியது புரிந்தது. ஊருக்குத் திரும்பிப் போவார் என்று நினைத்தேன். அவரோ சத்தியவேடு ரோட்டில் மாடியில்லாத ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு தங்கிவிட்டார். விசாவுக்காக ஒருமுறை போய்வந்தது தவிர, கிட்டத்தட்ட இரண்டு வருஷம் இருந்தார். என் காரை மாத வாடகைக்கு எடுத்துக்கொண்டார். என் மனைவி சுகுணா அவர் வீட்டில் கூட்டிப் பெருக்கி, மதியச் சமையலும் செய்துகொடுத்தாள்.

காலையில் அவர் குரலுக்குப் பயிற்சி கொடுப்பார். முதலில் உதட்டைப் படபடவென்று அடித்துக்கொள்வார், ஸ்டார்ட் ஆகாத டி.வி.எஸ். வண்டி மாதிரி. பிறகு ஆழத்திலிருந்து ஒரு சத்தம் கிளம்பும். எதிர் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்ததை நானே பார்த்திருக்கிறேன். பக்கத்துத் தெருவில் பிரசவமாகி வந்த பெண் இருக்கிறாள், குழந்தை பயப்படுகிறது என்று ஆள் விட்டார்கள். மேடம் உடனே நிறுத்திவிட்டு, மறுநாளிலிருந்து காரில் ஏறி, ஏரிக்கரைக்குப் போகச் சொல்லி அங்கே பாடினார். கொக்குகள் எழுந்து பறக்கும். நான் மரத்தடியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"இது என்ன பாட்டு மேடம்? சாமி பாட்டா?"

"கொலைப் பாட்டு" என்றார்.

அவர் ஓபரா பாடகியாம். முழுக் கதையையும் பேசாமல் பாட்டாகவே பாடி நடிக்கும் நாடகம். மைக் கிடையாது. பெரிய மண்டபம், கீழே நூறு வாத்தியம் வாசிப்பார்கள், அத்தனையையும் தாண்டி ஒரு தொண்டை கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும். ஸ்டாக்ஹோமில் தொடங்கி ஜெர்மனி, இத்தாலி என்று முப்பது வருஷம் பாடியிருக்கிறார். "எங்கள் நாடகங்களில் உச்சக்குரல் பெண்ணைக் கடைசியில் கொன்றுவிடுவார்கள். குத்துவார்கள், விஷம் வைப்பார்கள், கழுத்தை நெரிப்பார்கள். செத்துக்கொண்டே பத்து நிமிஷம் பாட வேண்டும்."

"சாகிறவங்க எப்படி மேடம் பாடுவாங்க?"

"நான் பாடிக் கேட்டிருந்தால் இதைக் கேட்டிருக்க மாட்டாய்."

முதல் அடி வாங்கியது முதல் மாதத்திலேயே. சத்தியவேடு கடைத்தெருவில் தலையில் புல்லுக்கட்டோடு ஒரு கிழவி குறுக்கே வந்துவிட்டாள். நான் பிரேக் போட்டுவிட்டு, கண்ணாடியை இறக்கி, அவள் தாயை இழுத்து ஒரு வார்த்தை சொன்னேன். பின் சீட்டிலிருந்து பளீரென்று மண்டையில் விழுந்தது. எனக்குக் காது அடைத்துவிட்டது. வார்த்தை அவருக்குப் புரிந்திருக்க வாய்ப்பில்லை. கிழவியின் முகத்தைப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். அன்றே வேலையை விட்டிருக்கலாம். ஏன் விடவில்லை என்றால், கொஞ்ச தூரம் போனதும் அவரைக் கண்ணாடியில் பார்த்தேன். தன் வலது கையை இடது கையால் பிடித்து மடியில் அழுத்தி வைத்திருந்தார், கட்டு மீறுகிற நாயைப் பிடிப்பது போல.

திருப்பதி ரயில்வே ஸ்டேஷன் எதிரில் ஒருநாள் டீ குடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் ஒருவன் தன் மகளைக் கன்னத்தில் அறைந்தான். பத்து வயசுப் பெண், பாலைக் கொட்டிவிட்டாளாம். நான் திரும்புவதற்குள் மேடம் போய் அவனை அதே மாதிரி, அதே கன்னத்தில் அறைந்துவிட்டார். கூட்டம் சேர்ந்தது. அவன் சட்டையை மடக்கினான். நான் நடுவில் புகுந்து, "அன்னா, வதிலேயண்டி, பிச்சிதி" என்று தெலுங்கில் கெஞ்சினேன். பைத்தியம், விட்டுவிடுங்கள் என்று அர்த்தம். எப்படியோ காரில் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

"அவர்களிடம் என்ன சொன்னாய்?"

"நீங்க பைத்தியம்னு சொன்னேன்."

காளஹஸ்தி வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தார். பிறகு சிரிப்பு நின்றது. வெளியே பார்த்தபடி, "என் நாட்டில் நீதிபதி முன்னால் என் வக்கீலும் இதையேதான் சொன்னார்" என்றார்.

அன்றைக்குத்தான் கழுத்துத் துணியின் கதை தெரிந்தது. அவர் புருஷன் வாத்தியக்குழுவை நடத்துகிறவன். ஜெர்மனியில் ஒரு ஊரில், மேடை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், அலங்கார அறையில் சண்டை. எதைப் பற்றி என்று அவர் சொல்லவில்லை. அவன் இரண்டு கையாலும் இவர் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து அழுத்தினான். மூச்சு நின்று, கண்ணில் இருட்டு வந்து, பிறகு விட்டுவிட்டான். இவர் முகத்தைக் கழுவி, கழுத்தில் பட்டுத்துணி சுற்றிக்கொண்டு, மேடைக்குப் போய் மூன்று மணி நேரம் பாடினார். கீழே நின்று கோலை ஆட்டி நடத்தியது அதே புருஷன். அன்றோடு உச்சியில் இரண்டு சுரங்கள் போய்விட்டன. பிறகு வரவே இல்லை. உச்சக்குரல் போனதும் கொல்லப்படுகிற பெண் வேஷம் நின்று, கொல்லுகிற பெண், சூனியக்காரி, பழிவாங்குகிற தாய் என்று வேஷங்கள் வந்தன.

"அவனை விட்டுட்டீங்களா?"

"இரண்டாவது முறை கழுத்துக்கு வந்தான். மேஜையில் இரும்பு விளக்கு இருந்தது. இப்போது அவனுக்கு ஒரு கண்தான்."

இதைச் சொன்னபோது அவர் முகத்தில் வருத்தம் தெரிந்த மாதிரி எனக்குத் தோன்றவில்லை. ஜெயிலில் இருந்தாராம். வெளியே வந்தபோது பெரிய மண்டபங்கள் கூப்பிடவில்லை. சர்ச்சுகளிலும் முதியோர் விடுதிகளிலும் கச்சேரி செய்து சில வருஷம் ஓட்டியிருக்கிறார். "எனக்குப் பாட்டும் கோபமும் வயிற்றில் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. ஒன்றை மூடினால் இன்னொன்றும் மூடிவிடும். அதனால்தான் மூடாமல் வைத்திருக்கிறேன்" என்றார்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. அதன் விலை என்ன என்று நகரியில் தெரிந்தது.

சுகுணாவுக்கு நகரிதான் தாய்வீடு. அவள் தம்பி அங்கே ஒரு பவர்லூம் ஷெட்டில் வேலை செய்தான். தறி ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்று மேடம் சொன்னதால், பிச்சாட்டூர் வழியாக மூன்று பேரும் போனோம். உள்ளே இருபது தறிகள். ஒருவர் காதில் ஒருவர் வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காது. மேடம் அந்தச் சத்தத்தைக் கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தார். மூலையில் ஒரு தறியில் நூல் அறுந்து துணி பாழாகியிருந்தது. ஓனர் வந்தான். அந்தத் தறிக்காரருக்கு வயசு அறுபது இருக்கும். ஓனர் அவர் பிடரியைப் பிடித்து முகத்தைத் துணியின் மேல் வைத்துத் தேய்த்தான். சத்தமே கேட்காமல் எல்லாம் நடந்தது. பெரியவரின் மூக்கிலிருந்து ரத்தம் வெள்ளைத் துணியில் இறங்கியது.

மேடம் வாயைத் திறந்தார். பாட்டில்லை, வார்த்தையுமில்லை. ஒரே ஒரு சுரம். இருபது தறியையும் கிழித்துக்கொண்டு அது போனது. தறிக்காரர்கள் ஏதோ மெஷினில் ஆள் மாட்டிக்கொண்டான் என்று நினைத்து ஒவ்வொருவராக சுவிட்சை அணைத்தார்கள். தறிகள் நின்றன. அந்தக் குரல் மட்டும் நிற்கவில்லை. ஓனர் பிடியை விட்டுவிட்டு வாய் பிளந்து நின்றான். மேடம் நடந்துபோய், தறியில் கிடந்த நாடாவை எடுத்தார். இரும்பு முனை வைத்த கட்டை. அதைக்கொண்டு அவன் வாயில் அடித்தார். பற்கள் தரையில் விழுந்தன.

வெள்ளைக்காரப் பெண்மேல் கை வைக்க யாருக்கும் துணிவில்லை. என்மேல் வைத்தார்கள். ஓனரின் ஆட்கள் நாலு பேர் ஷெட்டுக்குப் பின்னால் இழுத்துப் போய், முகத்திலும் விலாவிலும் உதைத்தார்கள். எனக்கும் ஒரு பல் போனது. சுகுணாவின் தம்பியை அன்றே வேலையிலிருந்து துரத்தினார்கள். நகரியில் வேறு எந்த ஷெட்டிலும் அவனைச் சேர்க்கவில்லை.

திரும்பி வரும்போது வாயில் துணியை அழுத்திக்கொண்டு சொன்னேன், "அடிச்சது நீங்க. வாங்கினது நாங்க."

மேடம், "அடுத்த முறை என்னை முன்னால் நிற்க விடு" என்றார். அவருக்குப் புரியவே இல்லை. சுகுணா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "இந்த அம்மா நம்மள வாழ வுடாம ஒழிச்சிரும்" என்று தமிழில் முனகினாள்.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

நானும் அடிக்கிறவன்தான். சுகுணாவைக் கல்யாணமான மூன்றாம் மாதத்திலிருந்து அடித்தேன். குடித்தாலும் அடித்தேன், குடிக்காவிட்டாலும் அடித்தேன். மேடத்துக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். முகத்தில் அடிக்க மாட்டேன். அவள் மூன்று நாள் வேலைக்குப் போகாவிட்டால் காய்ச்சல் என்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சிநேகிதன் ஒருவன் வீட்டுக்கு வந்து போனான். அவன் எதிரில் சுகுணா, "காலைலயே ஊத்திக்கினு வந்து குந்திகினு கீறாரு" என்று சொல்லிவிட்டாள். அவன் போனதும் பெல்ட்டைக் கழற்றினேன். வாசலுக்கு ஓடினாள். காருக்குப் பக்கத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். டயர் மாற்றப் போட்டிருந்த சாமான்கள் தரையில் கிடந்தன. நாலாவது அடியோ ஐந்தாவது அடியோ, தெரியவில்லை, கை ஓங்கும்போது தெருவில் சைக்கிள் விழுகிற சத்தம் கேட்டது. மேடம். எங்கள் வீட்டு டிபன் கேரியரைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறார்.

அவர் கத்தவில்லை. குனிந்து வீல் ஸ்பேனரை எடுத்தார். எலும்பு உடைகிற சத்தத்தை நான் வலிக்கு முன்னால் கேட்டேன். விழுந்தேன். மறுபடியும் ஓங்கினார். அவர் கண்ணில் நான் இல்லை. வேறு யாரோ இருந்தார்கள்.

அப்போது சுகுணா பாய்ந்தாள். "யாருடி நீ? எம் புருசன அடிக்க நீ யாருடி? எந் தம்பி சோத்துல மண்ணப் போட்டது பத்தாதா?" என்று அலறிக்கொண்டே மேடத்தைச் சுவரில் தள்ளினாள். ரவிக்கை கிழிந்து, முதுகில் பெல்ட் தடத்தில் ரத்தம் வழிய, என் மனைவி இரண்டு கையாலும் அந்த அம்மாளின் கழுத்தைப் பிடித்தாள்.

மேடம் ஆறடி. சுகுணா அவர் தோளுக்குக்கூட வரமாட்டாள். ஒரு தள்ளு தள்ளினால் போதும். கையில் ஸ்பேனர் வேறு இருந்தது. அவர் அதைக் கீழே போட்டார். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தொங்கவிட்டார். சுகுணாவின் முகத்தைப் பார்த்தபடி அப்படியே நின்றார். பட்டுத்துணி அவிழ்ந்து விழுந்தது. அவர் முகம் சிவந்து, பிறகு கறுத்தது. தொண்டைக்குள் ஏதோ நொறுங்குவது எனக்கே கேட்டது.

சுகுணா கையை எடுத்தாள். எடுத்த கைகளைப் பார்த்தாள். பிறகு மேடத்தைக் கட்டிக்கொண்டு, அவரோடு சேர்ந்து சரிந்து, சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். அவளை அடித்தபோதெல்லாம் அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

யாரோ போன் பண்ணி எஸ்.ஐ. வந்தார். "ஏமைந்தி?" என்று தெலுங்கில் கேட்டார், என்ன ஆச்சு என்று. ஜாக்கி சறுக்கிக் கையில் விழுந்தது என்று நான் சொன்னேன். படியில் விழுந்தேன் என்று மேடம் சைகை காட்டினார். தகரத்தில் முதுகு கிழிந்தது என்று சுகுணா சொன்னாள். எஸ்.ஐ. மூன்று பேரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு போனார்.

திருப்பதியில் டாக்டர் பார்த்தார். குரல்வளைக் குருத்தெலும்பு உடைந்திருந்தது, பழைய உடைவின் மேலேயே. பேசலாம், காற்று மாதிரிதான் வரும், பாட முடியாது என்றார். டாக்டர் தெலுங்கில் சொன்னதை நான் ஆங்கிலத்தில் சொல்வதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. தலையாட்டினார்.

எனக்கு மாவுக்கட்டு. இரண்டு மாதம் வண்டி ஓட்ட முடியவில்லை. சுகுணா தினமும் காலையில் மிளகுக் கஷாயம் வைத்து எடுத்துக்கொண்டு போவாள், சாயங்காலம் வருவாள். இரண்டு பேரும் போனில் மொழிபெயர்க்கும் ஆப் வைத்துக்கொண்டு பேசினார்கள். ஒருத்தி தமிழில் சொல்ல, மற்றவர் எழுதிக் காட்டுவார். என்ன பேசினார்கள் என்று என்னிடம் அவள் சொன்னதில்லை.

அந்த இரண்டு மாதத்தில் ஒருமுறை அவளை இடது கையால் அடித்தேன். இதை மறைத்து எழுதினால் எழுதியதே வீண். அவள் அழவில்லை, கத்தவில்லை. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு மேடம் வீட்டுக்குப் போனாள். சாயங்காலம் வந்து சோறு ஆக்கினாள். நான் அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

மேடம் ஊருக்குப் போக முடிவு செய்தார். காலை விமானம் கிடைக்கவில்லை, மதியம்தான். சென்னைக்கு நான்தான் ஓட்டினேன். சுகுணாவும் வந்தாள். இரண்டு பெரிய பெட்டி, ஒரு கறுப்புப் பை, மூன்றையும் நானே டிக்கியில் ஏற்றினேன். எப்போதும் போல தடா வழியாக ஹைவேயில் போனோம். விமான நிலையத்தில் மேடம் என் எதிரில் வந்து நின்றார். காதைப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் கேட்டது. "உன் கைக்காக வருந்துகிறேன். ஆனால் அன்றைக்கு வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை." பிறகு சுகுணாவின் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

டிக்கியை மூடப் போனேன். கறுப்புப் பை உள்ளேயே இருந்தது.

"ஐயோ, மேடம் பையை வுட்டுட்டாங்களே!"

"அது என்னுது" என்றாள் சுகுணா. "மாமா, நீ தடா பக்கம் போவாத. திருவள்ளூர் ரோட்டப் புடி. என்ன நகரியில வுட்டுரு."

நான் கத்தியிருக்கலாம். சாவியை உருவிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். என்ன காரணமோ, ஓட்டினேன். திருத்தணி மலை தெரிந்த பிறகுதான் கேட்டேன், "அந்தம்மா சொல்லிக் குடுத்தாங்களா?"

"அவங்க ஒண்ணும் சொல்லித் தரல. அந்த ஆளு கண்ணு போச்சில்ல, அந்தச் சத்தம் இன்னிக்கும் காதுல கேக்குதாம். அடிச்சதுக்கு ஒரு நாளும் நிம்மதியா இருந்ததில்லன்னாங்க. ஆனா வுட்டுட்டு வந்ததுக்கு ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லயாம். எனக்கு அது போதும்."

பையை அவள் அம்மா வீட்டு வாசலில் இறக்கி வைத்துவிட்டு வந்தேன்.

ஒன்றரை வருஷம் ஆகிறது. சுகுணா இப்போது பாவாடை தைக்கிற ஒரு யூனிட்டில் இருக்கிறாள். தம்பிக்கும் திருத்தணியில் வேலை கிடைத்துவிட்டது. நான் குடியை நிறுத்தி ஏழு மாதம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போகிறேன். வாசலில் நாற்காலி போடுவாள், காபி கொடுப்பாள். உள்ளே கூப்பிட்டதில்லை.

போன மாதம் உட்கார்ந்திருக்கும்போது அவள் போனில் ஒரு குரல் செய்தி வந்தது. அழுத்தினாள். காற்று மாதிரி ஒரு குரல், "சுகுணா, துன்னியா?" என்றது. சாப்பிட்டாயா என்பதற்கு எங்கள் ஊர்ப் பேச்சு, அப்படியே. சுகுணா சிரித்துக்கொண்டே போனை வாயருகே வைத்து, துன்னுட்டேன் என்று பதில் சொன்னாள்.

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "மேடம் என்னப் பத்தி எதுனா விசாரிச்சாங்களா?"

"ம். இன்னும் அடிக்கிறானான்னு கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?"

காலி டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நாந்தான் கூட இல்லியே, எனுக்கு எப்பிடித் தெரியும்னு சொன்னேன்."